குமிழி வராத வயர்

பயப்படாதீங்க அம்மிணி, பாம்பில்லை. வயர். வெள்ளி நிறத்தில் பையிலிருந்து வெளியே தலையை நீட்டிக்கிட்டு இருந்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். நீங்க பரவாயில்லை, கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தீங்க. உக்கடத்தில் ஏறும்போது ஒரு அம்மா சீட்டையே மாத்திக்கிட்டுப் போயிட்டாங்க. போகட்டும். எனக்குக் காலை நீட்ட இடம் கிடைச்சது.

செட்டிபாளையத்துக்குத்தான் போறேன். அங்கே கார் ரேஸ் ஓட்டுவாங்களே, அங்கே. சிரிக்காதீங்க, நான் ஓட்டப் போகலை. என் தம்பி மகள் ஓட்டுறாள். மோனிஷான்னு பேரு. இன்னைக்கு மத்தியானம் அவளுக்கு முதல் ரேஸ். காலையில் சோதனைக்கு ஓட்டிப் பார்த்திருக்காங்க. ஓட்டி முடிக்கிறதுக்குள்ளே வண்டியில் மாட்டியிருந்த வயர் சூட்டில் உருகிப் போச்சு. உடனே எனக்குப் போன்.

"அத்தை, நீங்க செஞ்ச வயர் வீட்லதானே இருக்கு? அந்த சென்சாரோட எடுத்துட்டு ஓடி வாங்க."

சரி கண்ணுன்னேன். அதோடு போனை வச்சிருந்தா நல்ல பிள்ளை. வைக்கலை.

"வர்றப்பவே நீங்க பசை போட்டு அடைச்ச சீலைத் திறந்துட்டு வாங்க அத்தை. நீங்கதான் திறக்கணும். நாங்க அறுத்தா உள்ளே கம்பி அடிபட்டுரும்."

திறக்க மாட்டேன். அவகிட்ட சொல்லலை, போனை வச்சுட்டேன். உங்ககிட்ட சொல்றேன். திறக்க மாட்டேன்.

ஏன்னு கேளுங்க. நீங்க கேக்காட்டியும் சொல்லுவேன், செட்டிபாளையம் வர இன்னும் நேரம் இருக்குது.

நான் வயர் ஃபேக்டரியில் இருந்தவ. கார்களுக்கு உள்ளே ஓடுற வயரெல்லாம் நாங்க பண்ணுறதுதான். பெரிய பலகையில் ஆணி அடிச்சு வச்சிருப்பாங்க. ஆணிக்கு ஆணி வயரை ஓட்டி, டேப் சுத்தி, முனைக்கு முனை சாக்கெட் மாட்டணும். சேலைக்கு மேலே நீலக் கோட்டு, தலைக்குத் தொப்பி. அத்தனையும் பொம்பளைங்க. கல்யாணமாகி அந்த வருஷம் சேர்ந்தவ, அவங்க கதவைச் சாத்துற வரைக்கும் இருந்தேன். கடைசியில் லைன் சூப்பர்வைசர். சுலோச்சனாக்கான்னா தெரியாத ஆள் இல்லை.

தண்ணி படுற இடத்துக்குப் போற வயருக்கு ஒரு சோதனை உண்டு. ஜாயின்ட்டையெல்லாம் மூடி, பசை உருக்கி, தொட்டித் தண்ணியில் முக்குவோம். ஒரு பக்கம் காத்தை அடிப்போம். எங்கேயாவது குமிழி வந்தா தீர்ந்தது, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கிப் போடணும். யார் பண்ணினதுன்னு பேரையும் எழுதி வைப்பாங்க. என் பேருக்கு நேரே சிவப்பு ஸ்டிக்கர் வந்ததே இல்லை. கை கூசும் எனக்கு, ஒரு முனையைத் திறந்தாப்பில விடணும்னா. ஜாக்கெட் பட்டனைப் போடாம கடைவீதிக்குப் போற மாதிரி.

ஃபேக்டரி மூடினதும் தம்பி சொன்னான், "பட்டறைக்கு வாக்கா, வயர் வேலையை நீ பார்த்துக்கோ"ன்னு. மகுடேஸ்வரன் அவன் பேரு. நான் மகுடேசாம்பேன். கணபதியில் பட்டறை. பழைய காரை எல்லாம் பிரிச்சு, வேகமாப் போற மாதிரி மாத்திக் கொடுப்பான். எனக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டான், ஒரு ஃபேன் வச்சான். நான் சோறு கட்டிக்கிட்டுப் போவேன், மூணு பேரும் சாப்பிடுவோம். அவனும் மகளும் சண்டை போட்டுக்கிட்டே சாப்பிடுவாங்க. நல்லாத்தான் இருந்தது.

இந்தாங்க, இதோட நுனியில் இரும்பா இருக்குதே, இதுதான் ஆக்சிஜன் சென்சார். நாங்க மூக்குன்னு சொல்லுவோம். நீங்க நர்ஸ் கோட்டு போட்டிருக்கீங்க, உங்களுக்குச் சட்டுன்னு புரியும். இஞ்சினில் பெட்ரோல் எரியுது, புகை குழாய் வழியா வெளியே போகுது. அந்தக் குழாயில் ஓட்டை போட்டு இதைத் திருகியிருப்பாங்க. புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருந்தா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். மிச்சமே இல்லைன்னா பெட்ரோல் ஜாஸ்தி. அதை இது மோந்து பார்த்து வண்டியிலே இருக்கிற கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். மூக்கு சொல்றதைக் கொண்டு போறது வயர். வயர் போச்சுன்னா கம்ப்யூட்டர் கண்ணைக் கட்டிக்கிட்டுச் சமைக்கிற மாதிரிதான்.

கம்பெனியிலிருந்து வர்ற வண்டியில் இந்த வயர் பத்திரமா இருக்கும். சூட்டுக்குழாய்க்கும் அதுக்கும் நடுவே ஒரு தகடு மறைச்சு நிக்கும். எங்க மகுடேசன் என்ன பண்ணினான், மோனிஷாவுக்கு ரேஸ் வண்டி கட்டுறேன்னு ஒரு பழைய எஸ்டீம் காரை வாங்கி, அந்தக் குழாயைக் கழட்டிட்டு, வளைஞ்சு வளைஞ்சு வந்து ஒண்ணாச் சேர்ற வேற குழாயை மாட்டினான். தகடு அதுக்குப் பொருந்தலை, தூக்கிப் போட்டான். மூக்கு தள்ளிப் போச்சு, வயர் எட்டலை. எட்டாத வயரை இழுத்துப் பிடிச்சு, அந்தக் குழாயோடவே பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினான். எரியிற விறகைச் சணலால கட்டுவாங்களா அம்மிணி? எங்க தம்பி கட்டுவான்.

ரோட்டில் ஓட்டிட்டு வந்தாங்க. டேக்கும் இல்லை, வயர் மேலே இருந்த தோலும் இல்லை. குழாய் மேலே கறுப்பா பிசுக்கு மட்டும் ஒட்டியிருந்தது.

"நல்ல கம்பெனி டேக்குக்கா"ன்னு தலையைச் சொறியறான்.

"நல்ல கம்பெனி வெண்ணெய்னாலும் உருகத்தான்டா செய்யும்"னேன்.

மோனிஷா சிரிச்ச சிரிப்பு இருக்குதே. அன்னைக்கு அவங்கப்பன் முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க.

அப்புறம் நான் உட்கார்ந்தேன். எட்டாத இடத்துக்கு வயரை ஒட்டி நீட்டினேன். குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, வண்டி உடம்பில் இரும்புக் கிளிப் அடிச்சு அதில் ஓட்டினேன். இஞ்சின் குலுங்கும், அதனால விறைப்பா இழுக்கலை, கொஞ்சம் தொய்வு விட்டேன். மேலே இந்த வெள்ளி ஸ்லீவ். தொட்டுப் பாருங்க. உள்ளே கண்ணாடி நூல், வெளியே வெள்ளித் தாள். தொளதொளன்னு இருக்குதில்லை? அப்படித்தான் இருக்கணும். வயரோட ஒட்டிப் போட்டா சூடு நேரா இறங்கிடும். நடுவே காத்து நிக்கணும். காத்துதான் சூட்டைத் தடுக்கும். இதை மோனிஷாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். "காத்துக்கு இடம் விடு கண்ணு, காத்து இல்லாட்டி எதுவும் பிழைக்காது"ன்னு என் வாயால சொன்னேன். இன்ஜினியரிங் படிச்சவ, நொட்டை சொல்லாம கேட்டுக்கிட்டா.

மகுடேசன் குழாய்க்கும் கட்டுப் போட்டான், கால் ஒடிஞ்சவனுக்குச் சுத்துற மாதிரி, சூடு தாங்குற துணியில். போடட்டும். வயரைத் தள்ளி வைக்கிறதுதான் முதல் வைத்தியம், மத்ததெல்லாம் அப்புறம்.

இதெல்லாம் பண்ணிட்டு, முடிவா என் கையெழுத்துப் போட்டேன். ஜாயின்ட் மேலே பசை ஸ்லீவ், சாக்கெட்டின் முதுகில் கறுப்புப் பசை. அடைச்சேன். எறும்பு மோந்து பார்த்தாக்கூட உள்ளே போக வழி தெரியாது. "அக்கா கைன்னா கைதான்"னு மகுடேசன் சொன்னான். சொன்னான் அம்மிணி. இப்போ கேட்டா இல்லைம்பான்.

வண்டி நல்லா ஓடுச்சு. அப்புறம் கொஞ்ச நாளில் இருமல் பிடிச்ச மாதிரி ஆச்சு. ஆக்சிலேட்டரை மிதிச்சா திக்குது. கறுப்பாப் புகை. பட்டறை முழுக்கப் பெட்ரோல் வாடை. ஃபில்டரைக் கழட்டினான், பிளக்கை மாத்தினான், டேங்கில் இருந்த பெட்ரோலைக் கொட்டிட்டு வேற அடிச்சான். ஒண்ணுக்கும் மசியலை. கடைசியில் புது மூக்கு வாங்கினான். நான் அதையும் பதமா அடைச்சுக் கொடுத்தேன். கொஞ்ச நாள் ஓடுச்சு, மறுபடியும் இருமல்.

"ஏனக்கா, நீ தொட்ட பிறகுதான் இருமுது"ன்னான்.

"நான் தொடுறதுக்கு முன்னாடி உருகிச்சு, அதைச் சொல்லு"ன்னேன்.

மோனிஷா ஒரு வேலை பண்ணினா. ஒரு டம்ளர்ல தண்ணி எடுத்துக்கிட்டு வந்தா. சும்மா கிடந்த வயர்த் துண்டு ஒண்ணை எடுத்து, ஒரு முனையைத் தண்ணியில் விட்டு, இன்னொரு முனையை வாயில் வச்சு ஊதினா. அப்புறம் நான் பசை போட்டு அடைச்ச துண்டு ஒண்ணை எடுத்து, அதையும் அப்படியே ஊதினா. கன்னம் ரெண்டும் பூரி மாதிரி உப்பிப் போச்சு.

"பாருங்க அத்தை. உங்க வயர்ல குமிழி வரலை."

எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. "வராதுல்ல!"ன்னேன். "யார் பண்ணினது"ன்னேன்.

அந்தப் பிள்ளை என்னையே பார்த்தா. சொல்லவும் முடியாம, சிரிக்கவும் முடியாம. மகுடேசன் ஸ்பேனரைக் கீழே போட்டுட்டு வெளியே போயிட்டான். எனக்கு அப்போ ஒண்ணும் விளங்கலை. பாராட்டுறாங்கன்னே நினைச்சேன்.

"அத்தை, குமிழி வரணும்"னா மெதுவா.

என்ன சொல்றா பாருங்க. மூக்குக்குப் புகையை மட்டும் மோந்தா போதாதாம். வெளிக்காத்தும் வேணுமாம். ஒரு பக்கம் புகை, ஒரு பக்கம் நல்ல காத்து, ரெண்டையும் வச்சுத்தான் இது இவ்வளவு வித்தியாசம்னு சொல்ல முடியுமாம். அந்த நல்ல காத்து எந்த வழியா உள்ளே போகுதுன்னா, வயர் வழியாவாம். வயருக்குள்ளே மெல்லிசு மெல்லிசாக் கம்பி முறுக்கியிருக்குதில்லைங்களா, அந்த இடுக்கு வழியா. சாக்கெட் பக்கம் நுழைஞ்சு, கம்பியோட கம்பியாப் போய் மூக்குக்குச் சேருமாம். நான் அதை அடைச்சுட்டேனாம். மூக்கு மூச்சு முட்டிப் போய், பெட்ரோல் பத்தலை பத்தலைன்னு தப்பாச் சொல்லிச்சாம். அதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் ஊத்து ஊத்துன்னு ஊத்திச்சாம். அதான் கறுப்புப் புகையாம்.

"வயர் மூச்சு விடும்னு எந்த ஊர்ல கண்ணு சொல்றாங்க? நான் எத்தனை வயர் பார்த்திருப்பேன், ஒண்ணாவது பெருமூச்சு விட்டிருக்குமா?"ன்னேன். பட்டறையில் வண்டி விட வந்த ரெண்டு பேர் நின்னாங்க, அவங்களும் சிரிச்சாங்க. என்னைப் பார்த்துச் சிரிச்சாங்களா, அவளைப் பார்த்துச் சிரிச்சாங்களான்னு தெரியலை.

மகுடேசன் திரும்பி வந்தான். அவங்க முன்னாடியே சொன்னான்.

"இனிமே நீ இந்த வண்டியைத் தொடாதக்கா."

சத்தமாக்கூடச் சொல்லலை. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். டீ வேண்டாம்னு சொல்ற மாதிரி சொன்னான். நான் என் டிபன் பையை எடுத்தேன். நான் அடைச்ச வயரையும் மூக்கோட கழட்டி எடுத்துக்கிட்டேன், என் வேலை என்னோட இருக்கட்டும்னு. அன்னையிலிருந்து பட்டறைப் பக்கம் போகலை. என் ஸ்டூல் மேலே பேட்டரியைத் தூக்கி வச்சிருக்கானாம். மோனிஷா சொன்னா. ஸ்டூல்ல பேட்டரி வைக்கிறாங்களாம்.

என் வயருக்குப் பதிலா கடையில் ரெடிமேடா ஒரு வயர் வாங்கி மாட்டினான். ஸ்லீவ் இல்லை. போன்லயே சொன்னேன், ஸ்லீவ் போடாம ஓட்டினா உருகும்னு. அவகிட்டத்தான் சொன்னேன், அவன்கிட்டப் பேசறதில்லை. உருகிச்சா இல்லையா? இன்னைக்குக் காலையில் உருகிச்சு. நான் சொன்னது நடந்ததா இல்லையா? அதுக்கு ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. நான் அடைச்சதை மட்டும் திறக்கணும்.

என்ன, பஸ் நிக்குது? ரயில்வே கேட் போட்டுட்டானா. ரயில் வரட்டும், என்ன பண்ணுறது.

என்ன சொல்றீங்க? ஊதிப் பார்க்கலாமா? எதுக்கு அம்மிணி? நான்தான் சொல்றேனே.

சரி, உங்க ஆசைக்கு. அன்னைக்கு மோனிஷா ஊதின ரெண்டு துண்டும் பையில் இருக்குது. மகுடேசன் மூஞ்சி முன்னாடி வீசலாம்னு எடுத்துட்டு வந்தேன். உங்க பாட்டில்ல தண்ணி இருக்குதா? மூடியைத் திறங்க. இதைப் பிடிங்க, இது நான் அடைச்சது. ஊதுங்க. நல்லா. பார்த்தீங்களா, ஒண்ணும் இல்லை. அசையாது. எங்க தொட்டியிலேயே இது பாஸ்.

இது சும்மாத் துண்டு. ஊதுங்க.

மறுபடியும் ஊதுங்க.

அது உங்க எச்சில். இல்லைன்னா வயர் மேலே ஒட்டியிருந்த காத்து. துடைச்சுட்டு ஊதுங்க.

ம்.

சின்னக் குமிழிதான். கடுகளவு. சரி, போதும் கண்ணு, தலை சுத்தப் போகுது உங்களுக்கு. கொடுங்க, நான் ஊதறேன். எனக்குத்தான் மூச்சு பத்தாது, எனக்கெல்லாம் வராது.

வருது.

இந்த ரயில் ஏன் இன்னும் வரலை?

அவ முதல் ரேஸ் அம்மிணி. புகையை அள்ளிக் கக்குற வண்டியைப் பாதியிலேயே கொடி காட்டி வெளியே வரச் சொல்லிடுவாங்களாம். முதல் ரேஸ்லயே ஓரங்கட்டினா, ஊரெல்லாம் என்ன சொல்லுவாங்க? பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலைம்பாங்க. ஃபேக்டரிக்குப் போறப்போ என்னைச் சொன்னதுதானே. நான் கேட்டேனா? அவளும் கேக்க மாட்டா. ஆனா வண்டி ஓடணும். ஓடிக் காட்டினாத்தானே நாம பேச முடியும்.

இருங்க. இந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வச்சுக்கங்க. டேப் வெட்டுற கட்டர் பக்கத்து ஜிப்ல இருக்குது, எடுங்க. பயப்படாதீங்க, வண்டி நிக்கும்போதுதான் வெட்டுறேன். ஓடுற பஸ்ல வெட்டினா கம்பியில் படும்.

நீங்க நினைக்கிற மாதிரி இல்லை. இந்தப் பசை காய்ஞ்சு போச்சு, பாருங்க, ஓரத்தில் வெடிப்பு. எப்படியும் உரிச்சுட்டுப் புதுசாப் போடணும். அதுக்குத்தான். அவ சொன்னாங்கிறதுக்காக இல்லை. மகுடேசன் சொன்னதுக்காக நிச்சயமா இல்லை.

மெதுவா. தோலை மட்டும். இப்படிச் சாய்ச்சு வெட்டணும், நேரா இறக்கினா போச்சு. அவங்களுக்கு இது வராது. மகுடேசன்கிட்டக் கட்டரைக் கொடுத்தா வெண்டைக்காய் நறுக்குவான். ஜாயின்ட்டை விட்டுடலாம், அது நடுவில் இருக்குது. காத்துக்கு வேண்டியது சாக்கெட்டோட முதுகு. இந்தக் கறுப்புக் கட்டி வருது பாருங்க, சக்கை மாதிரி. பிடிங்க. இன்னொண்ணு. அதோ, கம்பி நுழையிற வாய் தெரியுதா?

பிறந்த மேனியா இருக்குது. எங்க லைன்ல இதைப் பார்த்தா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, என் பேரை எழுதி, எல்லாரும் பார்க்கிற இடத்தில் மாட்டியிருப்பாங்க.

தண்ணி போகாதான்னு கேக்கறீங்களா? நல்ல கேள்வி. படிச்ச பிள்ளை அதைக் கேட்டாளா பாருங்க. இந்த வாயைக் கீழே பார்க்கிற மாதிரி வச்சுக் கட்டுவேன். குழாயிலிருந்து தள்ளி, குளிர்ந்த பக்கமா, தலைகீழா. மேலேயிருந்து வர்ற தண்ணி வழிஞ்சு போயிடும், காத்து மட்டும் ஏறும். இது யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, இப்போ நான் யோசிச்சது. ஸ்லீவைத் தொட மாட்டேன். ஸ்லீவ் அப்படியே இருக்கும். அது இல்லாட்டி இன்னைக்கே உருகும்.

அப்பாடா, ரயில் போச்சு. கேட்டைத் தூக்கறான்.

போன் அடிக்குது, அவதான். "ஆமா கண்ணு, கேட்டைத் தாண்டியாச்சு. உங்கப்பன்கிட்டச் சொல்லு, கிளிப் அடிக்கிற இடத்தை நான் வந்துதான் காட்டுவேன், அதுவரைக்கும் அவன் கை வைக்கக் கூடாது. என்ன? திறந்தாச்சாவா? என்னத்தைத் திறக்கிறது? வந்து பார்த்துக்கோ." வச்சுட்டேன்.

சிரிக்காதீங்க அம்மிணி.

என் ஸ்டாப் வரப் போகுது, பையைக் கொடுங்க. இந்தப் பசைத் துண்டுகளை நீங்களே வச்சுக்கங்க. பஸ்ல போட்டா செருப்பில் ஒட்டிக்கிட்டு என்னோடயே இறங்கிடும், மகுடேசன் கண்ணுக்கு அது மட்டும் நல்லாத் தெரியும். உங்க ஆஸ்பத்திரிக் குப்பையில் போட்டுடுங்க. அவன் கேட்டா, இது முதல்லேர்ந்தே திறந்துதான் இருந்துச்சு, நீதான் சரியாப் பார்க்கலைன்னு சொல்லப் போறேன். சொல்லிட்டு, முதல்ல பட்டறையில் என் ஸ்டூல்ல இருக்கிற பேட்டரியை எடுக்கச் சொல்லணும்.